நாராவுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போகிற நம் ஆட்கள் தோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று திட்டம் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சுகிற அரை நாளை நாராவுக்கு ஒதுக்குகிறார்கள். ஒசாகாவில் வேலை பார்த்த நாட்களில் விடுமுறை கிடைத்தால் நான் போன ஊர் நாராதான். அதனால் நண்பர்களும் சொந்தக்காரர்களும் பயணத்துக்கு முன்னால் என்னிடம்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாரா அவ்வளவு முக்கியமான ஊரா?

ஆமாம். எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குத் தலைநகராக இருந்த ஊர் இது. பேரரசி கென்மெய் 710ல் தலைநகரை இங்கே மாற்றினார். அப்போது இதன் பெயர் ஹெய்ஜோ-கியோ. சீனத்தின் சாங்கான் நகரைப் பார்த்து, கட்டம் கட்டமாகத் தெரு போட்டுக் கட்டிய ஊர். 784ல் தலைநகர் வேறிடம் போனது, அப்புறம் 794ல் கியோட்டோவுக்கு. அரசும் அரண்மனையும் போய்விட்டன, கோயில்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்றைய நாரா அந்தக் கோயில்களைச் சுற்றி வளர்ந்த ஊர். 1998ல் இங்குள்ள எட்டு இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. ஐந்து பௌத்தக் கோயில்கள், ஒரு ஷிந்தோ (ஜப்பானின் சொந்த மதம்) கோயில், பழைய அரண்மனை இருந்த வெளி, அப்புறம் ஒரு காடு.

அரை நாள் போதாதா?

பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மானுக்குத் தீனி போட்டுப் படம் எடுத்துக்கொள்ள அரை நாள் போதும். நான் அப்படிப் போக வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

காரணம் இதுதான். காலை பத்து மணிக்குக் கியோட்டோவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் கூட்டம் வந்து இறங்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தனை பேரும் திரும்பிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு ஊர் தன் இயல்புக்கு வந்துவிடும். மான்கள் புல்வெளியில் படுத்து அசை போடும். நிகாட்சுதோ என்கிற மண்டபம் மேட்டின் மேல் இருக்கிறது, இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. அதன் மரத் தாழ்வாரத்தில் நின்றால் பெரிய புத்தர் மண்டபத்தின் கூரைக்கும் ஊருக்கும் அப்பால் சூரியன் இறங்குவது தெரியும். மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பெரிய புத்தர் மண்டபம் திறக்கும்போது (நவம்பர் முதல் மார்ச் வரை எட்டு மணி) உள்ளே பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். நண்பகலில் அதே இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நிற்பார்கள்.

ஆகவே ஒரு இரவு தங்குங்கள். கியோட்டோவில் போட்டிருக்கும் நான்கு இரவில் ஒன்றைக் குறைத்து இங்கே மாற்றினாலே போதும்.

எப்படிப் போவது? எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு, பலரும் இதில்தான் குழம்புகிறார்கள். கிந்தெட்சு என்ற தனியார் ரயில் கம்பெனியின் நாரா ஸ்டேஷன், மான்கள் திரிகிற பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் கொஃபுகுஜி கோயில். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா ஸ்டேஷன் மேற்கே தள்ளி இருக்கிறது. பூங்காவுக்கு இருபது நிமிட நடை, இல்லையென்றால் பேருந்து. கியோட்டோவிலிருந்து இரண்டிலுமே முக்கால் மணி நேரம். கிந்தெட்சுவின் சிறப்பு விரைவு ரயிலில் கூடுதல் கட்டணம் கட்டினால் சுமார் 35 நிமிடம். ஒசாகா நம்பாவிலிருந்து கிந்தெட்சுவில் 40 நிமிடம். ஜே.ஆர். பாஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது கிந்தெட்சுவில் செல்லாது.

கிந்தெட்சு ஸ்டேஷன் வாசலில் ஒரு நீரூற்றின் நடுவே துறவி ஒருவர் சிலையாக நிற்பார். ஊர்க்காரர்கள் "கியோகி முன்னால் சந்திப்போம்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அவர் யார் என்பது அடுத்த பதிலில் வரும்.

பெரிய புத்தரிடம் அப்படி என்ன விசேஷம்?

தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் உட்கார்ந்த நிலையில் சுமார் 15 மீட்டர் உயரம். ஆனால் அவர் ஏன் வந்தார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்த உயரத்துக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

735 முதல் 737 வரை ஜப்பானைப் பெரியம்மை வாட்டியது. பஞ்சமும் சேர்ந்தது, 740ல் ஒரு கலகமும் வந்தது. பேரரசர் ஷோமு 743ல் இந்தச் சிலையைச் செய்ய ஆணையிட்டார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டு வந்து உதவ நினைப்பவர் எவராயினும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆணையில் இருக்கிறது. ஊர் ஊராக நடந்து மக்களிடம் பொருளும் உழைப்பும் திரட்டியவர்தான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற கியோகி. ஒரு காலத்தில் அரசு அவரை அனுமதியில்லாமல் ஜனங்களுக்குப் போதிக்கிறார் என்று தடுத்தது. பிறகு அதே அரசு அவருடைய உதவியைத் தேடிப் போனது.

சிலையின் வலது கை அபயம், இடது கை வரதம். நம் கோயில்களில் பார்த்துப் பழகிய அதே முத்திரைகள். பெயர் பிருஷனா, அதாவது வைரோசன புத்தர். 1180லும் 1567லும் போர்த் தீயில் மண்டபம் எரிந்தது. அதனால் இப்போது நாம் பார்க்கிற தலை 17ஆம் நூற்றாண்டில் வார்த்தது. பீடத்தின் தாமரை இதழ்களில் சில எட்டாம் நூற்றாண்டுக்கு உரியவை. அந்த இதழ்களில் மெல்லிய கோடுகளில் உலகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இதழ் ஒன்றின் மாதிரியை மண்டபத்துக்குள் கீழே வைத்திருக்கிறார்கள், அருகே போய்ப் பாருங்கள். இன்றைய மண்டபம் 1709ல் கட்டியது. அகலம் 57 மீட்டர், உயரம் 49 மீட்டர். பழையது இதைவிட அகலம்.

உள்ளே வருவதற்கு முன் நான்தாய்மோன் என்கிற தெற்கு வாசலில் நின்றுவிட்டு வாருங்கள். இரு பக்கமும் 8 மீட்டருக்கு மேல் உயரமான மரத் துவாரபாலகர்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்கள் கூட்டத்தாரும் 1203ல் 69 நாளில் செய்து முடித்தவை. கூட்டம் இவர்களைத் தாண்டி ஓடிவிடுகிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

மண்டப வாசலின் வலப்பக்கம் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று உண்டு, பின்சுரு என்பார்கள். புத்தரின் சீடரான பிண்டோல பாரத்வாஜர்தான் அவர். உடம்பில் எங்கே வலியோ, சிலையில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் தன்னைத் தொட்டுக்கொண்டால் குணமாகும் என்பது நம்பிக்கை. உள்ளே ஒரு தூணின் அடியில் துளை இருக்கும், புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவு என்பார்கள். அதில் நுழைந்து வந்தால் நல்லது நடக்கும் என்று பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

அந்தப் புத்தருக்குக் கண் திறந்தது ஒரு இந்தியர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். போதிசேனர் என்ற இந்தியத் துறவி சீனம் வழியாக 736ல் ஜப்பானுக்கு வந்தார். அவரை வரவேற்றவர் கியோகி. நாராவின் தாயான்ஜி கோயிலில் தங்கியிருந்தார். 752ல் பெரிய புத்தருக்குக் கண் எழுதும் விழா நடந்தபோது தூரிகையைப் பிடித்தவர் இவர்தான். அந்தத் தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, ஷோமு முதல் கூடியிருந்தவர்கள் வரை அதைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் சேர்ந்தே கண் திறந்ததாக இருக்கட்டும் என்று. நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் இருக்கின்றன என்பதுதான் எனக்குச் சிலிர்ப்பூட்டும் செய்தி. ஷோமு இறந்தபின் 756ல் பேரரசி கோம்யோ அவருடைய பொருள்களைப் புத்தருக்குக் காணிக்கை ஆக்கினார். அவை ஷோசோயின் என்கிற மரக் கிடங்கில் பாதுகாக்கப்பட்டன. முத்துச்சிப்பி பதித்த ஐந்து தந்தி வீணை ஒன்று அதில் உண்டு. இந்தியாவில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்த வகையில் உலகத்தில் எஞ்சியிருக்கும் பழைய கருவி அது ஒன்றுதான். ரஞ்ஜாதாய் என்று பெயர் சூட்டிய பெரிய அகில் கட்டையும் இருக்கிறது. 1574ல் ஓதா நொபுனாகா என்ற போர்த்தலைவர் அதில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் பாதி வரை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் இந்தப் பொருள்களில் சிலவற்றைக் காட்டுவார்கள். எந்த வருடம் எது வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மான்கள் கடிக்குமா? குழந்தைகளோடு போகலாமா?

போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேலியில்லாமல் ஊருக்குள் திரிகின்றன. யாரும் வளர்ப்பவை அல்ல, காட்டு மான்கள்தான். கசுகா கோயிலின் தெய்வம் கஷிமா என்ற ஊரிலிருந்து வெள்ளை மான் மேல் ஏறி வந்தது என்பது ஐதிகம். அதனால் மானைக் கொன்றால் பழைய காலத்தில் கடுந்தண்டனை. வாசலில் மான் செத்துக் கிடந்தால் பழி நம் மேல் வருமே என்று நாராக்காரர்கள் விடியும் முன்பே எழுந்து வாசலைப் பார்ப்பார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அவ்வளவு காத்தும் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மிஞ்சியவை 79தான். 1957ல் அவற்றை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

தவிடும் கோதுமை மாவும் சேர்த்துச் செய்த ஷிகா செம்பெய் என்கிற வட்ட பிஸ்கட்டைப் பூங்காவில் விற்பார்கள். அதைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். முறுக்கு, பிரெட், வாழைப்பழம் எதுவும் வேண்டாம். மான் தலையை ஆட்டி வணங்குவது போலத் தெரிந்தால் உடனே கொடுத்துவிடுங்கள். காட்டிக் காட்டி இழுத்தால்தான் கடிக்கும், முட்டும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் பெரும்பாலும் போய்விடும். மே, ஜூன், ஜூலையில் குட்டி போட்ட தாய்மான்களிடமும், இலையுதிர் காலத்தில் ஆண் மான்களிடமும் நெருங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கையில் பிளாஸ்டிக் பை, கவர், எதுவும் தொங்கவிடாதீர்கள், கீழே விடாதீர்கள். செத்த மான்களின் வயிற்றிலிருந்து கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் எடுத்திருக்கிறார்கள். பூங்காவில் குப்பைத் தொட்டி கிடைப்பது அரிது. குப்பையை அறைக்கே கொண்டு போய்விடுங்கள்.

தோதாய்ஜி தவிர வேறு எதை விடக்கூடாது?

கொஃபுகுஜியின் அருங்காட்சி மண்டபத்தில் இருக்கும் அசுரர். ஜப்பானியத்தில் அஷுரா. 734ல் செய்தது, மூன்று முகம், ஆறு கை, ஒடிசலான ஒரு பையனின் உடம்பு. அசுரன் என்றால் நமக்கு மீசையும் கோரைப்பல்லும்தான் நினைவுக்கு வரும். இங்கே புருவத்தைச் சுருக்கி, தான் செய்ததை எண்ணி வருந்துகிறவர் போல நிற்கிறார். அரக்கில் துணியைத் தோய்த்து அடுக்கி, உள்ளே கூடாகச் செய்த சிலை. எடை சுமார் 15 கிலோதான். பல தீ விபத்துகளில் இது தப்பியதற்கு, தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததும் ஒரு காரணம். பக்கத்திலேயே கருடர், கின்னரர், கந்தர்வர் எல்லோரும் நிற்பார்கள். பெயரைச் சொன்னாலே நமக்குப் புரியும். அந்தக் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் 1426ல் கட்டியது, 50 மீட்டர். பழுதுபார்க்கும் வேலைக்காக இப்போது மூடி வைத்திருக்கிறார்கள். 2030களில்தான் முழுதாகத் தெரியும்.

கசுகா தைஷா, 768ல் எழுந்த ஷிந்தோ கோயில். காட்டுக்குள் போகும் பாதை நெடுகப் பாசி படிந்த கல்விளக்குகள், உள்ளே தொங்கும் வெண்கல விளக்குகள், மொத்தம் சுமார் 3,000. பிப்ரவரித் தொடக்கத்தில் செத்சுபுன் என்கிற பண்டிகை அன்றும் ஆகஸ்ட் 14, 15லும் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். மற்ற நாட்களில் போகிறவர்களுக்கும் ஒரு இருட்டு மண்டபத்தில் கொஞ்சம் விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் 841 முதல் வேட்டையும் மரம் வெட்டுவதும் தடை.

நாராமச்சி பழைய வியாபாரிகளின் குடியிருப்பு. தெருவுக்கு ஒடுக்கமாக முகம் காட்டி உள்ளே நீண்டு போகும் மரச்சட்ட வீடுகள். வாசலில் சிவப்புத் துணியில் செய்த குரங்குப் பொம்மைகள் தொங்கும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. வருகிற கெடுதலைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் பொம்மைகள் அவை. நம் திருஷ்டிப் பூசணிக்கு அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

"நாராவில் ருசியாக ஒன்றும் இல்லை" என்று ஜப்பானியர்களே சொல்கிறார்களாமே?

அப்படி ஒரு பேச்சு உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒசாகாவின் எண்ணெய்யும் சாஸும் தேடிப் போகிறவர்களுக்கு நாராச் சாப்பாடு சப்பென்று இருக்கலாம். இது கடல் இல்லாத ஊர், கோயில் ஊர். மீன் மலை தாண்டி வர வேண்டும், காய் கெடாமல் இருக்க வேண்டும், துறவிகள் எளிமையாகச் சாப்பிட வேண்டும். இந்த மூன்றிலிருந்தும் பிறந்ததுதான் இங்குள்ள சமையல்.

ககிநோஹா சுஷியை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே குமானோ கடற்கரையில் பிடித்த அயிலை வகை மீனை உப்புப் போட்டு, யோஷினோ மலைகள் வழியாகச் சுமந்து வந்தார்கள். அதை மெல்லிதாகச் சீவி, புளிக்காடி சேர்த்த சோற்று உருண்டை மேல் வைத்து, சீமைப் பனிச்சை (ஜப்பானியர் 'ககி' என்கிற பழம்) மரத்தின் இலையில் மடித்து அழுத்தி வைப்பார்கள். இலை மணம் சோற்றில் ஏறும், சீக்கிரம் கெடாது. நம் கட்டுச்சோறு மாதிரி பயணத்துக்கு ஏற்றது. இலையைச் சாப்பிட வேண்டாம், பிரித்துப் போட்டுவிடுங்கள். செய்த அன்றைவிட மறுநாள் ருசி என்பது என் எண்ணம்.

சாகாயு என்பது தேநீர்க் கஞ்சி. வறுத்த தேயிலையான ஹோஜிச்சாவைக் கொதிக்கவிட்டு அதில் அரிசியைப் போட்டு நீர்க்க வேகவைப்பது. பொன்பழுப்பு நிறம், லேசான வறுத்த வாசனை. சாதாரணமாகக் காலையில் ஊறுகாயோடு சாப்பிடுவார்கள். பழைய சோறும் கஞ்சியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் கரண்டியிலேயே பிடித்துவிடும். குளிர்காலக் காலையில் இதைக் குடித்துவிட்டுப் பனி படர்ந்த பூங்காவில் நடப்பதற்காகவே நான் இரவு தங்கச் சொல்கிறேன். மத்தியானம் வந்து போகிறவர்களுக்கு இது கிடைப்பது அரிது.

நாராசுகே, வெள்ளரி வகைக் காய்களைச் சாகே மது வடித்த மண்டியில் மாதக்கணக்கில், சிலது வருடக்கணக்கில், மண்டியை மாற்றி மாற்றி ஊற வைத்த ஊறுகாய். கரும்பழுப்பாகக் கண்ணாடி போல இருக்கும். மது வாடை தூக்கலாக அடிக்கும். மது தொடாதவர்களும் குழந்தைகளும் தவிர்க்கலாம். எட்டாம் நூற்றாண்டின் நகாயா இளவரசர் மாளிகை இருந்த இடத்தில் தோண்டியபோது கிடைத்த மரச்சீட்டுகளிலேயே மண்டியில் ஊறிய காய் பற்றிய குறிப்பு இருக்கிறது.

சன்ஜோ தெரு முனையில் நகாதானிதோ என்ற மோச்சி (அரிசியை இடித்துச் செய்யும் பண்டம்) கடை. ஒருவர் மரச்சுத்தியால் ஓங்கி அடிக்க, இன்னொருவர் இரண்டு அடிக்கும் நடுவே கையை விட்டு மாவைத் திருப்பிப் போடுவார். மாசிபத்திரி இனத்துச் செடியான யோமோகி சேர்த்த பச்சை மாவு, உள்ளே இனிப்புப் பயறு, மேலே வறுத்த சோயா மாவு. சூடாகக் கையில் தருவார்கள். பெரியவர்கள் சின்னச் சின்னதாகக் கடித்து நன்றாக மென்று விழுங்க வேண்டும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் பண்டம் இது.

நேரம் இருந்தால் மிவா சோமென். நாராவுக்குத் தெற்கே சகுராயில் கையால் இழுத்துச் செய்யும், நம் சேமியா அளவு மெல்லிய கோதுமை நூடுல்ஸ். கோடையில் ஐஸ் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். யோஷினோ குசு, ஒரு கொடியின் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவு. கிட்டத்தட்ட நம் கூவைக்கிழங்கு மாவு மாதிரி. கிண்டினால் கண்ணாடியாக இறுகும். வெல்லப்பாகு ஊற்றிச் சாப்பிடுவார்கள். அசுகா பக்கம் போனால் 'சோ' என்று கேட்டுப் பாருங்கள். பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்கியது, சர்க்கரை போடாத திரட்டுப்பால்தான். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் அரண்மனைக்காரர்கள் சாப்பிட்டதை இப்போது மறுபடி செய்து விற்கிறார்கள்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சிக்கல் கறித்துண்டில் இல்லை, தாஷியில் இருக்கிறது. தாஷி என்பது எல்லாவற்றுக்கும் அடிப்படையான சாறு. பெரும்பாலும் கட்சுவோபுஷி போட்டது. கட்சுவோபுஷி நம் மாசிக்கருவாட்டுக்குச் சொந்தம், சூரை இன மீனைக் காயவைத்துச் சீவியது. ஆகவே காய் மட்டும் மிதக்கிற சூப், சோமென் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சுஷியின் தோஃபுப் பை, எல்லாவற்றிலும் மீன் இருக்கும். "மீட் இல்லை" என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. அவர் கணக்கில் தாஷி மீன் இல்லை.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நிகு தோ சகானா வா தபெமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. "கட்சுவோ தாஷி மோ தபெராரெமாசென்" என்றால் கட்சுவோ தாஷியும் ஆகாது. எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவை: மோச்சி, குசுப் பண்டங்கள், பழம், வெறும் உப்புப் போட்ட ஓனிகிரி (சோற்று உருண்டை). சாகாயுவில் அரிசியும் தேயிலையும் உப்பும்தான், ஆனால் தட்டில் கூட வரும் பக்க உணவுகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷோஜின் ரியோரி என்பது கோயில் சைவச் சமையல். எள் தோஃபு, காய் வறுவல் என்று அருமையாக இருக்கும், முன்பதிவு வேண்டும். இலையுதிர் காலத்தில் ககிப் பழத்தை விடாதீர்கள், அதை அதிகம் விளைவிக்கும் மாநிலங்களில் நாராவும் ஒன்று. அசைவக் கலப்பு துளியும் ஆகாது என்பவர்கள் புளியோதரைப் பொடி, ஊறுகாய், பருப்புப் பொடி எடுத்துப் போங்கள். வெறும் சோறு எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் மைக்ரோவேவில் சூடாக்கிக் கிடைக்கும்.

இன்னொன்று: நாராவில் சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். எட்டு மணிக்கு மேல் தேடினால் அலைய நேரும்.

எந்த மாதம் நல்லது?

செர்ரிப்பூவுக்கு ஏப்ரல் தொடக்கம், செவ்விலைகளுக்கு நவம்பர் பின்பாதி, இது எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் மார்ச் முதல் இரண்டு வாரம்.

மார்ச் 1 முதல் 14 வரை நிகாட்சுதோவில் ஷுனி-எ என்கிற நோன்பு நடக்கிறது. பதினொரு துறவிகள் பதினொரு முகக் கன்னோன் (அவலோகிதேசுவரர்) முன்னால் உலகத்தார் எல்லோருடைய குற்றங்களுக்கும் மன்னிப்புக் கேட்கிறார்கள். 752ல் தொடங்கியது, ஒரு வருடம்கூட விட்டுப்போனதில்லை. கோயில் எரிந்த வருடங்களிலும் நடந்தது. இரவில் துறவிகளின் உதவியாளர்கள் பெரிய மூங்கில் தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு படியேறி, நான் முன்பு சொன்ன அதே மரத் தாழ்வாரத்தில் ஓடுவார்கள். நெருப்புப் பொறி மழை மாதிரிக் கீழே கொட்டும். அது மேலே விழுந்தால் அந்த வருடம் நோய் அண்டாது என்று ஜனங்கள் நின்று வாங்கிக்கொள்வார்கள். 12ஆம் தேதி பந்தங்கள் மிகப் பெரியவை, கூட்டமும் அப்படியே; நெருக்கியடிக்கும். நான் வேறொரு நாள் போகச் சொல்வேன். 12ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கிணற்றிலிருந்து கன்னோனுக்கு நீர் எடுப்பார்கள். ஓமிசுதோரி, நீர் எடுத்தல், என்ற பெயர் அதனால்தான். இது முடிந்தால்தான் வசந்தம் வரும் என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. பிப்ரவரி, மார்ச்சில் இனிப்புக் கடைகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கமெலியாப் பூ வடிவ இனிப்பு விற்பார்கள். துறவிகள் கன்னோனுக்குக் காகிதத்தில் செய்யும் பூவைப் பார்த்துச் செய்தவை.

ஆகஸ்ட் வெயில் சென்னை மாதிரியே புழுங்கும். ஜனவரி நான்காம் சனிக்கிழமை வககுசா மலையின் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள், ஊரே நின்று பார்க்கும்.

வயதான அப்பா அம்மாவோடு போனால் நடக்க முடியுமா?

ஸ்டேஷனிலிருந்து கொஃபுகுஜி, தோதாய்ஜி, நிகாட்சுதோ, கசுகா, நாராமச்சி என்று சுற்றினால் ஆறேழு கிலோமீட்டர் ஆகும். ஒரே நாளில் வேண்டாம். நகரைச் சுற்றும் பேருந்து ஓடுகிறது, ஐ.சி. கார்டு (ரயில், பேருந்துக்கு முன்பணம் போட்டு வைக்கும் அட்டை) செல்லும். தோதாய்ஜி வரை சமதளம். நிகாட்சுதோவுக்குப் படி ஏற வேண்டும்; ஆனால் மேலே இலவச ஓய்வறையும் சூடான தேநீரும் உண்டு, மெதுவாக ஏறினால் பலன் கிடைக்கும். கசுகா பாதை சரளைக் கல். நல்ல செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

இரண்டாம் நாள் எங்கே?

ஜே.ஆர். ரயிலில் பன்னிரண்டு நிமிடம் போனால் ஹோர்யூஜி. உலகத்திலேயே பழமையான மரக் கட்டடங்கள் இன்றும் நிற்கிற இடம். அதற்கு நேரமில்லை என்றால் கிந்தெட்சுவில் நிஷிநோகியோ. அங்கே யகுஷிஜியின் 730ஆம் வருடத்துக் கிழக்குக் கோபுரம், பத்து நிமிட நடையில் தோஷோதாய்ஜி. பின்னதை நிறுவியவர் கன்ஜின் என்ற சீனத் துறவி. ஜப்பானுக்கு வர ஐந்து முறை முயன்று, புயலிலும் தடையிலும் தோற்று, பார்வையும் போய், ஆறாம் முறை 753ல் வந்து சேர்ந்தார். அவர் நினைவிடத்தைச் சுற்றி மூங்கிலும் பாசியும்தான். அங்கே பேச்சுச் சத்தமே இருக்காது, எனக்கு நாராவிலேயே மிகப் பிடித்த இடம். போகிற வழியில் ரயில் பழைய அரண்மனை வெளியின் நடுவே ஓடும், சன்னலோரம் உட்காருங்கள்.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

குசு மாவும் சோமென்னும் கெடாது, எடை குறைவு. நாராசுகேவை மூடி கெட்டியான டப்பாவில் வாங்குங்கள்.

எனக்குப் பிடித்தது மை. ஜப்பானில் எழுத்துக்கலைக்குப் பயன்படும் கட்டி மை பெரும்பாலும் நாராவில் செய்வது. எண்ணெய் விளக்குகளை வரிசையாக ஏற்றி, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியை வழித்தெடுத்து, விலங்குப் பசை சேர்த்துப் பிசைந்து அச்சில் வார்க்கிறார்கள். பாட்டி வீட்டில் அகல் விளக்குக்கு மேல் தட்டைப் பிடித்துக் கண்மை எடுத்த அதே வேலை. வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டும்தான் செய்வார்கள். அந்த மாதங்களில் போனால் சில பட்டறைகளில் சூடான மை உருண்டையை உங்கள் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். விரல் ரேகையோடு அந்தக் கட்டியைப் பெட்டியில் வைத்துத் தருவார்கள். வீட்டில் சில மாதம் நிழலில் காய வேண்டும், அதுவரை தண்ணீர் விட்டு உரைக்காதீர்கள்.